எந்த ஸ்டாப்பில் இறங்கினீர்கள்? ஒரு பழிவாங்கும் நாவலும் ‘ஆன்ட்டி ஹீரோ’ என்ற குழப்பமும்

அமெரிக்க எழுத்தாளர் ஆல்ஃபிரட் பெஸ்டரின் ‘தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலைப் படித்த பத்துப் பேரிடம் அதன் நாயகனைப் பற்றிக் கருத்து கேட்டால், பாதிப் பேர் “அந்த கல்லி ஃபாயில் ஒரு மிருகம், அதனால்தான் புத்தகம் பிரமாதம்” என்பார்கள். மீதிப் பாதி “அந்த கல்லி ஃபாயில் ஒரு மிருகம், அதனால்தான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்” என்பார்கள். இரண்டு கட்சியும் சொல்லும் காரணம் ஒன்றுதான். முடிவுதான் வேறு.

இந்த நாவலைப் பற்றிய சண்டைகளை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். பெரும்பாலும் அவை நாவலைப் பற்றியவையாக இருப்பதில்லை. ‘ஆன்ட்டி ஹீரோ’ என்ற சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் பிடித்துக்கொண்டு மோதுகிறார்கள். தாடி வைத்து, சிகரெட் பிடித்து, நாலு பேரை வெட்டிவிட்டு ஊருக்கு நல்லது செய்கிறவனையும் நாம் ஆன்ட்டி ஹீரோ என்றுதான் சொல்கிறோம். அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு பெஸ்டரின் நாவலுக்குள் போனால் இருபது முப்பது பக்கத்திலேயே தடுமாறிவிடுவோம். அதனால் அடியிலிருந்து வருவோம். கதையின் திருப்பங்களை உடைத்துத்தான் பேசப் போகிறேன். 1956-ல் வந்த புத்தகம், மன்னிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு பஸ் ஸ்டாப்

ராத்திரி பத்தரை மணி, மழை, கடைசி பஸ். நீங்கள் கை காட்டுகிறீர்கள். பஸ் வேகத்தைக் குறைக்கிறது, டிரைவர் உங்களைப் பார்ப்பதுகூடத் தெரிகிறது, அப்புறம் அப்படியே போய்விடுகிறது. அந்த நிமிஷம் கோபம் யார் மேல் வரும்? டிரைவரின் பெயர் தெரியாது, எந்த டெப்போ என்று தெரியாது, ஏன் நிறுத்தவில்லை என்றும் தெரியாது. கண்ணில் பட்டது பின்பக்கத்து நம்பர் மட்டும்தான். கோபம் அந்த நம்பரின் மேல், அந்தத் தகரத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

நாவலின் தொடக்கம் இதேதான், விண்வெளியில் நடக்கிறது என்பது மட்டும் வித்தியாசம். கல்லி ஃபாயில் ‘நோமேட்’ என்ற கப்பலில் கடைநிலை மெக்கானிக். கப்பல் தாக்கப்பட்டு உடைந்து கிடக்கிறது, உயிரோடு மிஞ்சியது அவன் ஒருவன். காற்று நிற்கும் இடம் என்று அங்கே இருப்பது சவப்பெட்டி அளவுள்ள ஒரு லாக்கர் மட்டும். அதற்குள் 170 நாள் கிடக்கிறான். ஒருநாள் ‘வோர்கா’ என்ற கப்பல் பக்கத்தில் வருகிறது. இவன் சிக்னல் வெடிகளைக் கொளுத்துகிறான். கப்பல் நெருங்குகிறது, பெயரைப் படிக்கிற தூரத்துக்கு வருகிறது, பிறகு விலகிப் போய்விடுகிறது.

அதுவரை பொறுமையாகச் செத்துக்கொண்டிருந்தவன் அன்றைக்குத்தான் விழித்துக்கொள்கிறான். அந்தக் கப்பலைக் கொல்ல வேண்டும் என்று முடிவு செய்கிறான். கப்பலில் இருந்த மனிதர்களை அவன் நினைக்கவே இல்லை. அவன் கொல்ல நினைப்பது கப்பலை.

இது பெஸ்டர் சும்மா யோசித்துப் பிடித்த விஷயம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பூன் லிம் என்ற சீனக் கப்பல் பணியாளர், தன் கப்பல் நீர்மூழ்கியால் தகர்க்கப்பட்ட பிறகு தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு மிதவையில் 133 நாள் தனியாகக் கிடந்தார். 1942 நவம்பரில் கப்பல் மூழ்கியது, 1943 ஏப்ரலில் பிரேசில் மீனவர்கள் காப்பாற்றினார்கள். நடுவில் அவரைக் கடந்து போன கப்பல் நிற்கவில்லை. இப்படி மிதப்பவரைத் தூண்டில் இரையாக வைத்து நீர்மூழ்கிகள் கப்பல்களை இழுப்பதுண்டு என்ற பயம் அந்தக் காலத்தில் இருந்தது. அந்தச் சம்பவத்தைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரைதான் நாவலுக்கு விதை. பூன் லிம் யாரையும் பழிவாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகச் சாதனை படைத்தவராக அறியப்பட்டு, பிறகு அமெரிக்காவில் குடியேறி வாழ்ந்தார். ‘அவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால்?’ என்பது பெஸ்டரின் கேள்வி.

எதிர்நாயகன்: நாற்காலி ஒன்று, தகுதி வேறு

இப்போது சொல்லுக்கு வருவோம். இனி ஆன்ட்டி ஹீரோவை எதிர்நாயகன் என்றே சொல்கிறேன். கதையின் மையத்தில் நாயகனுக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. யாருடைய கண் வழியாகக் கதையைப் பார்க்கிறோமோ, யாருடைய ஆசை கதையை இழுத்துக்கொண்டு போகிறதோ, அவர் உட்காரும் இடம் அது. அந்த நாற்காலியில், அதற்கு நாம் வழக்கமாகக் கேட்கும் தகுதிகள் (நேர்மை, துணிவு, இரக்கம், குறைந்தபட்சம் ஒரு அழகான லட்சியம்) இல்லாத ஒருவரை உட்கார வைத்தால், அவர் எதிர்நாயகன். அவ்வளவுதான் வரையறை.

வில்லனுக்கும் எதிர்நாயகனுக்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டிய அவசியமில்லை. வில்லன் எதிர் நாற்காலியில் இருக்கிறான், அவனை நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம். எதிர்நாயகன் நம் பக்கத்து நாற்காலியில் இருக்கிறான். ரவுடி நாயகன் என்பது மூன்றாவது வகை. சட்டத்தை மீறுவான், ஆனால் அவன் அடிப்பவர்கள் எல்லாம் அடி வாங்கத் தகுதியானவர்கள் என்று கதையே முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திருக்கும். அவனிடம் தகுதி எதுவும் குறையவில்லை, சட்டை மட்டும்தான் அழுக்கு. நம் ஊரில் ஆன்ட்டி ஹீரோ என்று கொண்டாடப்படுபவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றாவது வகைதான் என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர வேண்டாம்.

பெஸ்டர் இதை மறைக்கவே இல்லை. தொடக்கத்திலேயே ஃபாயிலின் பணிப் பதிவேட்டை எடுத்து வைக்கிறார். கல்வி: இல்லை. திறமை: இல்லை. தகுதி: இல்லை. பரிந்துரை: இல்லை. நாற்காலியில் உட்காரப் போகிறவனின் பயோடேட்டா இது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: எதிர்நாயகன் என்பது ஒருவனின் குணத்துக்கு வைத்த பெயரைவிட, அவன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வைத்த பெயர் என்று புரிந்துகொண்டால் சுலபம். இடம் நாயகனுடையது, தகுதி இல்லை.

நாம் எப்படி அவன் பக்கம் சேர்கிறோம்

சரி, இப்படிப்பட்டவனோடு கிட்டத்தட்ட முந்நூறு பக்கம் போகிற ஒரு நாவலை ஏன் படிக்கிறோம்? இங்கேதான் உண்மையான இயந்திரம் இருக்கிறது.

கதையின் பார்வைக்கோணம் என்று ஒன்று உண்டு. கேமராவை யார் தோளில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அது. பெஸ்டர் முதல் அத்தியாயத்தில் கேமராவை அந்த லாக்கருக்குள் வைத்துவிடுகிறார். இருட்டு, நாற்றம், அவ்வப்போது வெளியே போய்க் காற்று சிலிண்டரைத் தேடி எடுத்து வரும் நேரத்தில் மூச்சு முட்டும் பதற்றம். இதற்கு மேல் யாராலும் ஒரு மனிதனுக்கு நெருக்கமாக இருக்க முடியாது. வோர்கா விலகிப் போகும்போது அது நம்மையும்தான் விட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கணத்தில், நம்மை அறியாமல், ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ‘இவனுக்கு நியாயம் கிடைக்கும்வரை நான் கூட வருகிறேன்.’

பழிவாங்கும் கதைகள் எல்லாமே இந்தக் கையெழுத்தை முதலிலேயே வாங்கிக்கொள்கின்றன. இந்த நாவலோடு எப்போதும் ஒப்பிடப்படுவது 1844-46-ல் தொடராக வந்த அலெக்ஸாண்டர் டூமாவின் ‘மான்டி கிறிஸ்டோ’. அதில் எட்மன் டான்டெஸ் அப்பாவி, நல்லவன், கல்யாண நாளில் பொய்க் குற்றம் சுமத்திச் சிறைக்கு அனுப்பப்படுகிறான். கையெழுத்துப் போட நமக்கு என்ன தயக்கம்? பெஸ்டர் அந்த எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துக்கொண்டார்: தப்ப முடியாத சிறை, அங்கே பாடம் சொல்லித்தரும் சக கைதி, கைக்கு வரும் பெரும் சொத்து, புதுப் பெயரோடு பணக்கார வேஷம், ஒவ்வொருவராகத் தேடிப் போவது. டூமாவிடம் கிழட்டுப் பாதிரியார் செய்த வேலையை இங்கே ஜிஸ்பெல்லா மக்வீன் என்ற பெண் செய்கிறாள், இருட்டுச் சிறையில், குரலாக மட்டும். மாற்றியது ஒன்றைத்தான். நல்லவனை எடுத்துவிட்டு ஃபாயிலை வைத்தார்.

அதனால் பத்திரத்தில் கையெழுத்து விழுந்த பிறகுதான் யாருக்குப் போட்டோம் என்பது தெரியவருகிறது. என் வசதிக்கு இதை பஸ் பயணம் என்று வைத்துக்கொள்கிறேன். ஏறியாகிவிட்டது. டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான். வாசகர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஸ்டாப்பில் இறங்குகிறார்கள். இந்த நாவலைப் பற்றி நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கருத்தையும் ‘இவர் எங்கே இறங்கினார்’ என்று கேட்டுப் பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

பெரும்பாலோர் இறங்கும் ஸ்டாப்: ராபின்

ராபின் வெட்னஸ்பரி கறுப்பினப் பெண், ஆசிரியை. இந்த நாவலின் உலகில் மனிதர்கள் நினைத்த மாத்திரத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்விட முடியும், அதற்கு ‘ஜான்ட்’ என்று பெயர். தலையில் அடிபட்டு அந்தத் திறமையை இழந்தவர்களுக்கு மறுபடி கற்றுத்தருவது ராபினின் வேலை. அவளுக்கு ஒரு சிக்கல் உண்டு: அவள் மனதில் நினைப்பது மற்றவர்களுக்குக் கேட்கும், மற்றவர்கள் நினைப்பது அவளுக்குக் கேட்காது. ஃபாயில் பூமிக்கு வந்து, நினைவு தப்பியவன் போல நடித்து, அவளிடம் மாணவனாக இருக்கிறான். அவன் ரகசியத்தை அவள் கண்டுபிடிக்கிறாள். பூமியோடு போரில் இருக்கும் வெளித் துணைக்கோள்களோடு அவள் குடும்பத்துக்கு இருக்கும் தொடர்பைச் சொல்லி மிரட்டுகிறான். பிறகு பலாத்காரம் செய்கிறான். நாவல் அதை நேரடியாகக் காட்டுவதில்லை, ஆனால் நடந்தது என்ன என்பதில் சந்தேகத்துக்கு இடமும் வைப்பதில்லை.

இங்கே புத்தகத்தை மூடியவர்களிடம் “அது 1956, அப்படித்தான் எழுதுவார்கள்” என்று சமாதானம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானம் எனக்கு ஒத்துவரவில்லை. பெஸ்டர் அதைக் குற்றமாகத்தான் வைத்திருக்கிறார், ஃபாயில் பின்னால் அதற்கும் சேர்த்துத்தான் தண்டனை கேட்கிறான். அப்படியிருக்க, காலத்தைக் காரணம் காட்டுவது நாவலையே குறைத்துப் பேசுவதாகும். என் குறை வேறு. அந்தச் சம்பவம் ராபினுக்கு என்ன செய்தது என்று நாவல் நின்று பார்ப்பதில்லை. கேமரா ஃபாயிலின் தோளிலேயே இருக்கிறது, அவன் ஓடினால் கேமராவும் ஓடுகிறது. பின்னால் அவனுக்கு ராபின் தேவைப்படும்போது அவளும் கதைக்குத் தேவைப்படுகிறாள், நடுவில் அவள் எங்கே, எப்படி இருந்தாள்? பார்வைக்கோணத்தின் விலை இது. ஒருவனுக்கு அவ்வளவு நெருக்கமாகப் போனால் அவனால் காயப்பட்டவர்களிடமிருந்து அவ்வளவு தூரம் போய்விடுகிறோம்.

முதல் முறை படித்தபோது நான் இறங்கியதும் இந்த ஸ்டாப்பில்தான். சில வருஷம் கழித்து மறுபடி ஏறினேன். ஏன் என்பதைச் சொல்ல இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

பழியின் முகவரி மாறிக்கொண்டே போகிறது

ஃபாயில் முதலில் செய்வது, வான்கூவர் கப்பல் தளத்தில் நிற்கும் வோர்காவை வெடி வைத்துத் தகர்க்கப் பார்ப்பது. தகரத்தின் மேலான கோபம், நினைவிருக்கிறதா? பிடிபட்டுச் சிறைக்குப் போகிறான். அங்கேதான் ஜிஸ்பெல்லா அவனுக்குப் புரிய வைக்கிறாள்: கப்பல் முடிவெடுக்காது, உள்ளே இருந்த ஒரு ஆள்தான் ‘போகட்டும், விடு’ என்று உத்தரவு போட்டிருப்பான், அவனைத் தேடு. முட்டாள்தனமான கோபம் புத்திசாலிக் கோபமாக மாறும் இடம் இது. ஆள் முன்னேறுகிறான், ஆனால் நல்லவன் ஆகவில்லை. நிறைய விமர்சனங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

அப்புறம் வோர்காவில் வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் தேடுகிறான். அவர்கள் மனதில் ஒரு பூட்டு போடப்பட்டிருக்கிறது, அந்த ரகசியத்தைச் சொல்ல முயன்றாலே உயிர் போய்விடும். கேப்டனைச் செவ்வாய்க் கிரகத்தில் கண்டுபிடிக்கிறான். அந்தக் கேப்டனோ ஒரு மதக் குழுவில் சேர்ந்து, பார்வை, கேட்டல், தொடுகை என்று எல்லா உணர்வு நரம்புகளையும் வெட்டிக்கொண்டு ஒரு கல் மாதிரிக் கிடக்கிறார். வலியே தெரியாத ஒருவரை எப்படிப் பழிவாங்குவது? இந்த நாவலில் எனக்குப் பிடித்த காட்சி எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். இத்தனை தூரம் துரத்திக்கொண்டு வந்த கோபத்துக்கு இறக்கி வைக்க இடமில்லை.

கடைசியில் உத்தரவு போட்டது யார் என்று தெரிகிறது: ஒலிவியா பிரெஸ்டைன். நோமேட், வோர்கா இரண்டுக்கும் சொந்தக்காரரான கோடீஸ்வரரின் மகள், அதற்குள் ஃபாயில் காதலிக்க ஆரம்பித்துவிட்ட பெண். அவள் கண்ணுக்கு நம் வெளிச்சம் தெரியாது, அகச்சிவப்புக் கதிர்கள்தான் தெரியும், அதனால் மொத்த உலகத்தின் மேலும் வெறுப்பு. போர்க்கால அகதிகளைக் காசு வாங்கிக் கப்பலில் ஏற்றி, நடுவழியில் விண்வெளியில் தள்ளிவிட்டவள் அவள். அப்படி ஒரு வேலையில் இருந்த கப்பல் ஒற்றை ஆளைக் காப்பாற்ற நிற்குமா?

ஃபாயில் அவளைப் பார்க்கும்போது தன்னைத்தான் பார்க்கிறான். உலகம் எனக்கு அநியாயம் செய்தது, அதனால் எனக்கு எதுவும் செய்ய உரிமை உண்டு என்ற அதே கணக்கு. முகவரி தேடி அலைந்தவன் வந்து சேர்ந்தது தன் வீட்டு வாசலுக்கு. நேராக ஒரு வக்கீலிடம் போய் எனக்குத் தண்டனை வாங்கிக் கொடுங்கள் என்கிறான். அந்த வக்கீல் எதிரிப் பக்கத்து உளவாளி என்று தெரியவருகிறது, பெஸ்டரிடம் யாரும் நிம்மதியாகப் பாவமன்னிப்புகூடக் கேட்க முடியாது.

சுருக்கமாக: கப்பல், அதன் ஆட்கள், உத்தரவு போட்டவள், தான். பழி வாங்க வேண்டிய இடம் ஒவ்வொரு முறையும் நகர்கிறது. எதிர்நாயகன் கதையில் வளர்ச்சி என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், குணம் திடீரென்று மாறுவதில்லை, கேள்வி மாறுகிறது.

முகத்தில் ஒரு புலி

இரண்டாவது விஷயம். ஃபாயிலைப் பாதி வழியில் பிடித்துவைத்த ஒரு விசித்திரக் கூட்டம் அவன் முகம் முழுக்கப் புலிக்கோடுகளைப் பச்சை குத்திவிடுகிறது. இங்கிலாந்தில் 1956-ல் நாவல் முதலில் புத்தகமாக வந்தபோது தலைப்பே ‘டைகர்! டைகர்!’தான், வில்லியம் பிளேக்கின் கவிதையிலிருந்து எடுத்தது. பின்னால் பச்சையை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் தோலுக்கு அடியில் தழும்பு இருக்கிறது. கோபம் வந்து முகத்தில் ரத்தம் ஏறினால் புலி மறுபடி தெரியும்.

பழிவாங்க வேஷம் போட வேண்டும். வேஷம் கலையாமலிருக்கக் கோபப்படக் கூடாது. ஆக, பழிவாங்குவதற்காகவே கோபத்தை அடக்கக் கற்றுக்கொள்கிறான்! நல்லவனாகும் எண்ணம் அவனிடம் துளிகூட இல்லை. மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய பழக்கம், மெல்ல மெல்ல அவனுக்குள் தன்னையே கவனிக்கும் ஒரு ஆளை உருவாக்கிவிடுகிறது. ‘அவன் திருந்துவது நம்பும்படியாக இல்லை’ என்று சொல்பவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முழுக்க நம்ப வைக்கிறார் என்று நானும் சொல்ல மாட்டேன், கடைசி ஐம்பது பக்கத்தில் பெஸ்டர் ரொம்ப அவசரப்படுகிறார். ஆனால் அஸ்திவாரம் போட்டிருக்கிறார். நான் மறுபடி பஸ்ஸில் ஏறியது இந்தப் புலிக்காகத்தான்.

மற்ற கருத்துகள், சீக்கிரமாக

‘அறிவியலே இல்லை’ என்பது ஒரு புகார். உண்மைதான், ஜான்ட்டுக்குப் பெஸ்டர் விளக்கம் என்று எதுவும் தருவதில்லை. அவர் செய்வது ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, அதனால் மற்றதெல்லாம் எப்படிச் சாயும் என்று பார்ப்பது. எல்லோரும் எங்கேயும் போக முடியும் என்றால் சிறை எப்படி? கைதிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதபடி பூமிக்கடியில் முழு இருட்டில் அடைக்க வேண்டும், இருக்கும் இடம் தெரியாதவனால் ஜான்ட் பண்ண முடியாது. பணக்காரன் தன் பணத்தை எப்படிக் காட்டுவான்? பழைய கார், குதிரை வண்டி என்று வேலைக்காகாத வாகனங்களில் மெதுவாக வந்து. பணக்கார வீட்டுப் பெண்களை யாரும் நுழையாதபடி வீட்டுக்குள் பூட்டி வைப்பார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார், அது படிக்கக் கசப்பாக இருந்தாலும் சமூகம் அப்படிச் செய்யாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

‘முடிவு பொறுப்பில்லாதது’ என்பது இன்னொன்று, இதில் எனக்குப் பாதி சம்மதம். நினைப்பாலேயே வெடிக்க வைக்கக்கூடிய பைர் என்ற பொருளை ஃபாயில் அரசாங்கத்திடமும் கொடுக்காமல், முதலாளியிடமும் கொடுக்காமல், ஊர் ஊராகப் போய்த் தெருவில் நிற்கும் ஜனங்களிடம் எறிகிறான், தன் பழைய தெருப் பேச்சிலேயே அவர்களைத் திட்டிக்கொண்டு. அணுகுண்டு பயம் உச்சத்தில் இருந்த காலத்தில் எழுதியது. ஒன்றுமில்லாதவன் என்று பதிவேட்டில் எழுதப்பட்டவன், தன்னைப் போன்ற ஒன்றுமில்லாதவர்களிடம் உலகத்தின் சாவியைக் கொடுக்கிறான் என்று வாசித்தால் மயிர்க்கூச்செறியும். அதே காட்சியைச் செய்தியில் படித்தால் கதவைத் தாழ்ப்பாள் போடுவோம். இரண்டு வாசிப்பும் சரிதான்.

நாவலின் தொடக்கத்தில் லாக்கருக்குள் கிடக்கும் ஃபாயில் ஒரு குழந்தைப் பாட்டு போல நாலு வரி முணுமுணுப்பான். பெயர், நாடு, வசிக்கும் இடம், போய்ச்சேரும் இடம். போய்ச்சேரும் இடம் மரணம் என்று முடியும். கடைசியில் அந்த நாலு வரி மறுபடி வருகிறது, மரணம் இருந்த இடத்தில் நட்சத்திரங்கள் இருக்கின்றன. அப்போது அவன் நட்சத்திரங்கள் வரை உண்மையிலேயே போய்விட்டு வந்து, அதே உடைந்த நோமேடின் அதே லாக்கருக்குள் சுருண்டு தூங்குகிறான். முகத்தில் புலி குத்திய அந்த விசித்திரக் கூட்டம், அவன் எழுந்திருக்கட்டும் என்று வெளியே காத்திருக்கிறது.